இருநூற்றுப் பதினான்கு நிறங்களும் முடிக்காத ஒரு கட்டளையும்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து வந்தது என்று தொடங்கினால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் சரியாகச் சொல்கிறேன். இது ஒரு பொய்யிலிருந்து வந்தது. வாயைத் திறக்காமலே சொன்ன பொய். புதன்கிழமை காலை தொடங்கி வெள்ளிக்கிழமை மதியம் வரை சொன்னேன்.

இதற்கு முன் நான்கு தொடக்கங்கள் எழுதி அடித்திருக்கிறேன். அடித்த பக்கங்களைக் கிழிக்கவில்லை. நோட்டு மெலிந்தால் அம்மா கேட்பாள். இரண்டை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்.

[ஆரணியில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், ஹேமலதா என்ற பெண்—]

வேண்டாம். ஹேமலதா என்று பெயர் வைத்ததுமே அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவளாக இருந்தால் புதன்கிழமையே உண்மையைச் சொல்லியிருப்பாள். கதை அங்கேயே முடிந்திருக்கும்.

[டேட்டாபேஸ் என்பது ஒரு பெரிய பீரோ. அதைப் பூட்டி—]

இதுவும் சரியில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆகவே ஹேமலதாவை அனுப்பிவிட்டு நானே வருகிறேன். மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். ஒருவர் பெயரை மூன்று முறை மாற்றினேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

நான் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றவள். [காரணம் பிறகு. நான் மறந்துவிட்டால் நீங்கள் கேளுங்கள்.] இப்போது பத்தொன்பது வயது. ஒரு பட்டுக் கடையின் நூல் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

தறிக்காரர்கள் எங்களிடம் ஊடைக்கு, அதாவது புடவையில் குறுக்கே ஓடும் இழைக்கு, நூல் வாங்க வருவார்கள். சாயம் போட்ட நூலைக் கட்டுக் கட்டாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டுக் கட்டியிருப்போம். சீட்டில் எண் மட்டும் இருக்கும். தறிக்காரர் யாரும் எண் சொல்லிக் கேட்க மாட்டார். பாக்கு என்பார், ராமர் பச்சை என்பார், வெங்காயத்தோல் என்பார். ஆரணிக்காரர் ஒரு பெயர் சொல்லும் நிறத்துக்குச் சந்தவாசல்காரர் வேறு பெயர் சொல்வார். தெள்ளாரிலிருந்து வரும் ஒருவர் எந்த நிறத்தையும் யாராவது வீட்டுக் கல்யாணத்தை வைத்துத்தான் கேட்பார்.*

* 'எங்க மச்சினிச்சி முகூர்த்தப் பொடவ கலரு குடுங்க.' அந்த மச்சினிச்சியை நான் பார்த்ததில்லை. கட்டு எண் 46.

அவர்கள் சொல்லும் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் கட்டின் எண் வரும். அதற்காக டேட்டாபேஸில் ஒரு எக்ஸ்டென்ஷன் ஏற்றியிருக்கிறார்கள். தமிழில் நீட்சி என்று எங்கோ போட்டிருந்தது. எங்கள் ஆபீஸில் அப்படி யாரும் சொல்வதில்லை. யாரோ எங்கோ எழுதி வைத்த வேலைகளின் கட்டு அது. ஏற்றிக்கொண்டால் டேட்டாபேஸுக்கு அதுவரை தெரியாத ஒன்று தெரிந்துவிடும். எங்களுடையது, எழுத்து முன்பின்னாக அடித்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

ஏற்றிய பிறகும் எக்ஸ்டென்ஷனை மாற்றலாம். புதுப் பதிப்புக்கு உயர்த்தலாம். டேட்டாபேஸுக்குள்ளேயே வேறு அறைக்கு நகர்த்தலாம். அதில் இல்லாத ஒன்றை அதோடு சேர்க்கலாம். சேர்த்ததை விடுவிக்கலாம். மூன்றாவதை நான் செய்தேன். நான்காவதைச் செய்வதா வேண்டாமா என்பதுதான் இந்தக் கதை. வேறு எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

3

எழுத்தை வைத்துத் தேடும் எக்ஸ்டென்ஷனுக்கு, பாக்கும் காசிக்கட்டியும் ஒரே நிறம் என்று தெரியாது. அந்த இரண்டு சொல்லிலும் ஒத்த எழுத்து அதிகமில்லை. தறிக்காரர் சொன்னால்தான் தெரியும். அதனால் நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒரு வரிக்கு ஒரு பெயர், அதன் எதிரில் கட்டு எண். பத்து மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். உதவிப் பக்கங்களை அகராதி வைத்துப் படித்து, தேடல் அந்தப் பட்டியலையும் பார்க்கும்படி செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. தேடல் நன்றாக வேலை செய்தது. வேலை செய்கிற ஒன்றை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் மூன்றாவதாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்தேன். அங்கேதான்

[அங்கேதான் என் உண்மையான—]

இல்லை. அவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டாம். உதாரணம் தருகிறேன்.

வரி 31. வெங்காயத்தோல். 'எழிலரசன் அண்ணன் கேட்டது. கேட்கும்போது பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்க்கவில்லை. அந்த அக்கா கட்டியிருந்ததும் அதே நிறம்.'

வரி 140. தேன். 'இந்த நிறத்தைக் கேட்பவர்கள் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். நான் கவனித்தவரை ஆறு பேர்.'

வீட்டில் நோட்டை மறைக்க இடம் குறைவு. இங்கே இடம் நிறைய இருந்தது.

ஒரே பயம் ஜெயவேல் அண்ணன். நூல் ரூமுக்கு அவர்தான் பொறுப்பு. முதலாளி அம்மாவின் தம்பி. திங்கட்கிழமை காலையில் சீட்டு இல்லாத நூல் எது கண்ணில் பட்டாலும் தூக்கிக் கழிவு மூட்டையில் போடுவார். நல்ல நூல்தான், இன்ன நிறம்தான் என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார். 'சீட்டு கீதா? இல்லல்ல? போ.' கம்ப்யூட்டரிலும் அப்படியே. தனக்குத் தெரியாத பட்டியல் எதையாவது பார்த்தால் அழித்துவிடுவார்.

நூல் ரூமில் வேலை செய்யும் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். எடுத்துவைக்க வேண்டிய நூல் ஏதாவது இருந்தால், சீட்டு உள்ள ஒரு கட்டுக்குள் சேர்த்துக் கட்டிவிடுவோம். கட்டுக்குச் சீட்டு இருக்கிறது, அதனால் உள்ளே இருப்பதை யாரும் தொட மாட்டார்கள். என் பட்டியலை நான் எக்ஸ்டென்ஷனோடு சேர்த்தது இப்படித்தான். சேர்த்துவிட்டால் அது எக்ஸ்டென்ஷனின் சொத்து. தனியாக அழிக்கப் போனால் டேட்டாபேஸே மறுத்துவிடும்.

இந்த வழியில் ஒரு ஓட்டை உண்டு. சாயம் போன கட்டை எடுத்துப் போகும் சாயக்காரர், அதே எண்ணில் புதுக் கட்டைக் கொண்டுவந்து வைப்பார். உள்ளே நாம் சொருகியது அவருக்குத் தெரியாது. எங்கள் அம்மாவும் இதே நூல் ரூமில் இருந்தவள்தான். அவள் சேர்த்துக் கட்டிய ஒரு கைப்பிடி நூல் இப்படிப் போய்விட்டது. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டு நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தாள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கம்ப்யூட்டரில் செய்யும்போது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

4

புதன்கிழமை காலை புது மிஷின் வந்தது. பழையதை வேலூர் கடைக்காரர் சனிக்கிழமை எடுத்துப் போய் உள்ளே எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். பிரிஸில்லா அக்கா பழையதிலிருந்து பேக்கப் எடுத்துப் புதியதில் ஏற்றினாள். அவள் சந்தவாசலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வருகிறவள். எங்கள் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவள்தான். என்னைவிட நான்கு வயது பெரியவள், நாற்பது மடங்கு பேசுபவள்.

'எல்லாம் வந்துடுச்சுடி. ஸ்டாக்கு, தறி, ஆளு பேரு, எல்லாம். இந்தத் தேடல் மட்டும் லூசு மாதிரி பண்ணுது. பாக்குன்னு அடிச்சா ஒண்ணுமில்லன்னு சொல்லுது.'

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ், எக்ஸ்டென்ஷனுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாது. 'இந்த எக்ஸ்டென்ஷனை ஏற்று' என்று ஒரு வரி மட்டும் எழுதும். புது மிஷின் அந்த வரியைப் படித்துப் புத்தம்புது எக்ஸ்டென்ஷனை ஏற்றிக்கொண்டது. அதே எண், புதுக் கட்டு.

'பழைய வெர்ஷன் ஏத்திட்டேன்போல,' என்று சொல்லி அவள் புதுப் பதிப்புக்கு உயர்த்தினாள். பாக்கு வரவில்லை. வேறு அறைக்கு நகர்த்தினாள். வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். 'ஏசப்பா, என்ன பேஜாருடா இது!' என்று நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். சீட்டுகள் ஏற்கனவே நேராகத்தான் இருந்தன.

[இங்கே நான் 'அக்கா, அது என்னுது' என்று சொன்னேன்.]

சொல்லவில்லை. அந்த வரியை எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன்.

5

வியாழக்கிழமை படவேடு பக்கத்திலிருந்து வேடியப்பன் வந்தார். காலை பஸ்ஸில் வருவார், மூன்று மணி பஸ்ஸை விட்டால் ஊர் திரும்ப முடியாது. அதனால் எப்போதும் அவசரம். நான் உள்ளே நூல் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் ஜெயவேல் அண்ணன்.

'அண்ணே, ஊடைக்கி பாக்கு கலரு நாலு கட்டு. ஜல்தி.'

ஜெயவேல் அண்ணன் புது மிஷினில் அடித்தார். மறுபடி அடித்தார். மூன்றாவது முறை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

'இன்னாண்ணே, கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் பாக்கு குடுப்பியா? பாத்து எடுண்ணே, எதிர்லதான் கீது.'

அவர் எழுந்து அலமாரி முன்னால் நின்றார். இரண்டு கட்டுகளுக்கு நடுவில் அவர் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வேடியப்பன் சிரித்துவிட்டார். 'யோவ், இது மருதாணி எல கலருண்ணே! காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?'

பிரிஸில்லா அக்காவும் சிரித்தாள். 'அதான் அண்ணே, தேடல் இல்லன்னா உங்களுக்குக் கலரே தெரியாதுபோல.'

ஜெயவேல் அண்ணனும் சிரித்தார். மூன்று பேரிலும் அவர்தான் சத்தமாகச் சிரித்தார். 'தூக்கமில்லமா, கண்ணு எரியுது,' என்றார்.

நான் வெளியே வந்து பாக்குக் கட்டு நான்கை எடுத்து வேடியப்பனிடம் கொடுத்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

6

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. எழுத எழுத ஜெயவேல் அண்ணன் பாவமாக ஆகிக்கொண்டே போகிறார். உண்மையில் அவர் அப்படியில்லை. டீ ஆறிப்போனால் கத்துவார். என்னை 'ஊமக் கோட்டான்' என்று கூப்பிடுவார். அதையும் எழுதிவைக்கிறேன், நியாயமாக இருக்கட்டும்.

ஆனால் வரி 88 இருக்கிறது. அரக்கு. அதன் குறிப்பை மாசியில் எழுதினேன்:

'ஜெயவேல் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகின்றன என்று நினைக்கிறேன். சீட்டு இல்லாத நூலை அவர் தூக்கிப் போடுவது கோபத்தால் இல்லை. சீட்டு இல்லாவிட்டால் அது என்ன நிறம் என்று அவரால் சொல்ல முடியாது. பட்டுக் கடையில் இதை யாரிடம் சொல்வார்? நானும் சொல்ல மாட்டேன்.'

சொல்ல மாட்டேன் என்று எழுதியே சொல்லிவைத்திருக்கிறேன். எழுதுகிறவர்களின் வாக்குறுதி இந்த அளவுதான் போலிருக்கிறது.

வியாழன் மாலை பிரிஸில்லா அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். 'பழைய மிஷின்ல பாத்தேன்டி. அந்த எக்ஸ்டென்ஷனுக்குள்ள ஏதோ ஒரு லிஸ்ட்டு இருக்கு. அதோட சொத்துன்னுதான் காட்டுது. புதுசுல மட்டும் ஏன் இல்லன்னு புரியல. நாளைக்கு மத்தியானம் உள்ள தொறந்து பாத்துடறேன்.'

7

பள்ளியை விட்ட காரணம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் வகுப்பிலிருக்கும் ஒவ்வொருவரும் எப்படி உட்காருவார்கள் என்று எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று காலைக் கூட்டத்தில் மைக்கில் படித்துவிட்டார்கள். சோபியா என்ற பெண் சட்டையில் கிழிசலை மறைக்க இடது கையை இறக்காமலே உட்காருவாள் என்று அதில் இருந்தது. அறுநூறு பேர் திரும்பி அவளுடைய இடது கையைப் பார்த்தார்கள். அவள் மறுநாளும் பள்ளிக்கு வந்தாள். நான்தான் வரவில்லை.

இந்தக் கதைக்கு இது மிகவும் வசதியாகப் பொருந்துகிறது. அதனாலேயே இதை நம்புவதற்கு எனக்கே தயக்கமாக இருக்கிறது. ஒருவேளை கணக்குப் பாடம் வராததால் நின்றேனோ? அதுவும் உண்டு.

8

முடிவுகள். வியாழன் இரவு சாப்பாட்டுக்கு முன் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: சும்மா இருக்கிறேன். சனிக்கிழமை பழைய மிஷின் போகிறது. பட்டியல் போய்விடுகிறது, ரகசியமும் போய்விடுகிறது. ஆனால் வெள்ளி மதியம் பிரிஸில்லா அக்கா திறந்து பார்த்துவிடுவாள். பார்க்காவிட்டாலும் திங்கட்கிழமை வேறொரு வேடியப்பன் வருவார். [அடித்துவிட்டேன்.]

இரண்டாவது முடிவு: பட்டியலை எக்ஸ்டென்ஷனிலிருந்து விடுவிக்கிறேன். ஒரே ஒரு கட்டளை. அது மறுபடி தனிப் பட்டியலாகி, பேக்கப்பில் சேர்ந்து புது மிஷினுக்கு வரும். எல்லோர் கண்ணிலும் படும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். [அடிக்கவில்லை.]

மூன்றாவது முடிவு: நீங்கள் 88-ஐப் படித்ததிலிருந்தே இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வரி 88-இன் குறிப்பை அழித்துவிட்டு, பிறகு விடுவித்தால் என்ன? ஒரு வரி போனால் போகட்டுமே. இவ்வளவு எளிய வழி இருக்க எதற்கு இவ்வளவு பக்கம்?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதுதான் முடிவு என்று கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

9

வெள்ளிக்கிழமை காலை பழைய மிஷினைத் திறந்தேன். பிரிஸில்லா அக்கா வர பன்னிரண்டு ஆகும். பட்டியலைத் திறந்து 88-க்குப் போகும் வழியில், மொத்தம் எத்தனை வரி என்று கீழே காட்டியது. 215.

நான் எழுதியது 214.

நான்கு முறை எண்ணினேன். பிறகு கடைசி வரிக்குப் போனேன். நிறத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கட்டு எண் இல்லை. குறிப்பில் இது இருந்தது:

'88 படிச்சேன். கரெக்ட்டு. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனப்ப தெரிஞ்சிது. எங்கக்காவுக்குத் தெரியாது. என் பொண்டாட்டிக்கும் தெரியாது. இத அழிக்க முடியாதுன்னு மிஷின் சொல்லிச்சு. அதான் இங்க எழுதறன்.'

டேட்டாபேஸ் தான் மறுத்ததை எல்லாம் ஒரு இடத்தில் குறித்து வைக்கும். அங்கே போய்ப் பார்த்தேன். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு என் பட்டியலை அழிக்கச் சொல்லி ஒரு கட்டளை வந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷனுக்கு இது தேவை, அழிக்க முடியாது என்று பதில் போயிருக்கிறது. ஒன்பது நாற்பத்தொன்றுக்கு இன்னொரு முறை கேட்டிருக்கிறார். அதே பதில். அழியாத இந்தப் பட்டியலில் என்னதான் இருக்கிறது என்று அதன் பிறகு திறந்து பார்த்திருக்க வேண்டும். என் கடைசி வரியை அதற்கு முன்பே எழுதிவிட்டிருந்தேன், பிறகு பட்டியலைத் திறக்கவில்லை.

அவரும் மூன்று நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறார். பாக்கு ஏன் வரவில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும், குறைந்தது யாருடையது காணாமல் போனது என்றாவது. அந்தச் சிரிப்பை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

என் மூன்றாவது முடிவு இங்கே உடைந்துவிட்டது. 88 என்னுடையது, அதை அழிக்கலாம். 215 என்னுடையதில்லை. அவர் அதை அழியாத இடம் என்று நம்பி எழுதியிருக்கிறார். மிஷின் அவரிடம் சொன்னது பொய்யில்லை, ஆனால் நாளைக் காலைவரைதான் உண்மை. நான் விடுவித்தால் அது ஊர் பார்க்கும் இடத்துக்கு வரும். விடுவிக்காவிட்டால் அவர் ஒரே ஒரு இடத்தில் சொன்னது வேலூரில் துடைக்கப்படும். எனக்குத் தெரியாமல் அதை அழிக்கவோ காப்பாற்றவோ அவருக்கு உரிமை உண்டு. அவருக்குத் தெரியாமல் இரண்டில் எதையும் செய்ய எனக்கு உண்டா?

[நிறங்களை மட்டும் புதுப் பட்டியலில் எழுதிக்கொண்டு குறிப்புகளை—]

[அவருடைய வரியை இந்த நோட்டில் எழுதிக்கொண்டு—]

இரண்டாவதை ஏற்கனவே செய்துவிட்டேன். மேலே படித்தீர்களே. அவர் பெயரை மூன்று முறை மாற்றியது இதற்காகத்தான். அது போதுமா என்று தெரியவில்லை. கடையை மாற்றவில்லை, நிறங்களை மாற்றவில்லை. ஆரணியில் யாராவது படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியானால் நான் எழுதியது மறுபடியும் மைக்கில் ஒலிக்கிறது. இந்த முறை படிப்பதும் நானே.

10

மணி பதினொன்றே முக்கால். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தேன். எக்ஸ்டென்ஷனை மாற்று, அதிலிருந்து இந்தப் பட்டியலை விடுவி. கடைசியில் அரைப்புள்ளி (;) போட்டால்தான் டேட்டாபேஸ் வேலையைத் தொடங்கும். போடாமல் அடுத்த வரிக்குப் போனால் ஒன்றும் செய்யாது, தவறு என்றும் சொல்லாது. சொல்ல இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கும்.

நான் போடாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

ஜெயவேல் அண்ணன் உள்ளே வந்தார். 'ஏய் ஊமக் கோட்டான், பழைய மிஷின்ல இன்னா பண்ணிகினு கீற? கட்டி வெக்கச் சொன்னாங்கல்ல?'

எழுந்து நின்றேன். பத்து மாதத்தில் அவரிடம் நானாகப் பேசிய முதல் வாக்கியம் இது:

'அண்ணே, இருநூத்திப் பதினஞ்ச இன்னா பண்றது?'

அவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். சிவப்புக் கட்டுகளும் பச்சைக் கட்டுகளும் அடுத்தடுத்து இருக்கும் தட்டு. பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு குறிதான் மிச்சம், இன்னும் போடவில்லை என்று திரையைக் காட்டினேன்.

'அது போட்டா இன்னா ஆவும்? போடலன்னா இன்னா ஆவும்? ரெண்டத்தயும் மெதுவா சொல்லு,' என்றார்.

சொன்னேன். இந்தக் கதையில் உங்களுக்குச் சொன்னதைவிடக் குறைவான சொற்களில்தான் சொன்னேன். அவர் நடுவில் ஒரு முறை கூடக் கத்தவில்லை. சொல்லி முடித்தபோது வெளியே பிரிஸில்லா அக்காவின் குரல் கேட்டது, யாரிடமோ பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் விசைப்பலகையைப் பார்த்தார். 'எங்க கீது அந்தக் குறி?'

காட்டினேன். ஆங்கில எல் எழுத்துக்கு வலது பக்கத்தில் இருக்கிறது. சுண்டுவிரலுக்கு எட்டும்.

அவர் என்ன செய்தார் என்பதை எழுத அவரிடம் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் கொடுப்பார் என்று நினைக்கிறேன். அதனாலேயே கேட்கவில்லை. உங்கள் வீட்டில் விசைப்பலகை இருந்தால் அந்தக் குறியை ஒரு முறை தேடிப் பாருங்கள். விரலை அதன் மேல் வைத்து, அழுத்தாமல், அவரைப் போலவே கொஞ்ச நேரம் இருங்கள். அடுத்தது உங்களுக்கே தெரிந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் பிரிஸில்லா அக்கா தட்டிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் திறக்கவில்லை, இந்த வரிக்கும் நான் புள்ளி வைக்கவில்லை